சாரெவெட்ஸ் மாடல்: ஒருவழியாக மேற்கு வாசல் முடிந்தது

பல்கேரியாவின் பழைய தலைநகரான வெலிகோ தர்னோவோவின் சாரெவெட்ஸ் கோட்டைக் குன்றை 1:500 அளவில் மாடலாகச் செய்ய ஆரம்பித்ததிலிருந்து உயிரை வாங்கிக்கொண்டிருந்த பகுதி மேற்கு வாசல். அது இப்போது கச்சிதமாக வந்துவிட்டது. இதை எழுதுவதே பீற்றிக்கொள்ளத்தான்.

இடத்தைத் தெரிந்தவர்களுக்குச் சிக்கல் எங்கே என்று புரிந்திருக்கும். யான்ட்ரா ஆறு குன்றைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. பெரும்பாலான பக்கங்களில் செங்குத்தான பாறைச் சரிவு. படையோடு ஒருவன் நேராக உள்ளே வர வேண்டுமானால் மேற்கே உள்ள ஒடுங்கிய பாறைக் கழுத்துதான் வழி. அங்கேயும் பாறையை வெட்டிப் பள்ளமாக்கி, தூக்குப்பாலம் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வாசல்கள் வைத்துவிட்டார்கள். பைசாந்தியப் பேரரசுக்கு எதிரான 1185 கிளர்ச்சிக்குப் பிறகு, அதை நடத்திய சகோதரர்கள் ஆசெனும் பீட்டரும் தலைநகருக்கு இந்தக் குன்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. கோட்டையின் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டி முடிந்திருந்தது, பாறையாக.

அதனால்தான் மதிலை மட்டும் அழகாகச் செய்துவிட்டுக் குன்றை ஒப்பேற்றும் மாடல்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. மதிலில் என்ன பெரிய வேலை இருக்கிறது? தடிப்பான இடத்தில் 3.6 மீட்டர், அதாவது நம் அளவில் 7 மில்லிமீட்டர் சொச்சம். உயரம் 10 மீட்டர் என்றால் 2 சென்டிமீட்டர். ஃபோம் பட்டை வெட்டி, கல் வரி கீறி, நீர்த்த பெயிண்டால் வாஷ் கொடுத்தால் ஒரு மாலையில் ஆகிற காரியம்.

பாறை அப்படி இல்லை. இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் சுமார் 30 மீட்டர். மாடலில் அது 6 சென்டிமீட்டர். கழுத்துப் பகுதி முழுவதும் அந்த இடைவெளியில் கரைந்துபோய், செங்குத்துப் பாறை இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான சரிவுதான் மிஞ்சும். 10 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட்டை அடுக்கினால் ஒவ்வொரு படியும் 5 மீட்டர். குன்றின் மேற்பரப்புக்கு அது போதும், மேலே பேஸ்ட் பூசி மறைத்துவிடலாம். கழுத்தில் மட்டும் எவ்வளவு பூசினாலும் படிக்கட்டு தெரிந்துகொண்டே இருக்கும்.

தீர்வு இதுதான்: ஷீட்டைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைப்பது. கழுத்தை ரொட்டித் துண்டுகள் போல் குறுக்கே வெட்டியதாக நினைத்துக்கொண்டு, புகைப்படங்களைப் பார்த்து ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகக் குறுக்குவெட்டு வரைந்தேன். அவற்றைச் சூடாக்கிய நிக்ரோம் கம்பியில் வெட்டி வரிசையாக ஒட்டினால், ஒட்டுக்கோடுகள் எல்லாம் மேலிருந்து கீழாக விழுகின்றன. பாறையின் வெடிப்புகளும் அப்படித்தான் ஓடுகின்றன. மறைக்க வேண்டிய கோடு இப்போது நமக்கே வேலை செய்கிறது! சூடான கம்பி பட்ட இடம் கண்ணாடி போல் பளபளப்பாகிவிடும் என்பதால் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் கீழ்நோக்கி மட்டும் இழுக்க வேண்டும். குறுக்கே ஒரு தடவை இழுத்தாலும் போச்சு. பிறகு கசக்கிய அலுமினியத் தாளை மெதுவாக அழுத்தினால் சின்னச் சொரசொரப்பு வந்துவிடும். பாறைக்கு வழக்கமாக ஒட்டும் மரப்பட்டை, தக்கை எல்லாம் இந்த அளவு மாடலுக்கு ரொம்பப் பெரிது.

எக்ஸ்பிஎஸ் ஷீட்டுக்கு, அதாவது இந்தக் கெட்டியான ஃபோம் பலகைக்கு, ஒரு துணுக்கு. கைவினைப் பொருள் கடைகளில் கையளவு துண்டுக்கு அநியாய விலை சொல்கிறார்கள். மொட்டைமாடிக்கு வெப்பத்தடுப்பு போடும் ஒப்பந்தக்காரர்களிடம் வெட்டிமிச்சம் கேளுங்கள், பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். ஆனால் 50 மில்லிமீட்டரில்தான் கிடைக்கும், நாம்தான் கம்பியில் சீவிக்கொள்ள வேண்டும்.

வாசல் முடிந்ததால் உள்ளே போகலாம். அரண்மனை வளாகம் 4,872 சதுர மீட்டர் என்கிறார்கள், நமக்கு 14 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கிவிடும். அதற்குத் தனி மதில். உச்சியில் இருக்கும் பேட்ரியார்க் (திருச்சபைத் தலைவர்) வளாகத்துக்கும் தனி மதில். கோட்டைக்குள் கோட்டை, நான் ரசித்துச் செய்யப்போகும் பகுதி.

தென்கிழக்கில் பால்ட்வின் கோபுரம்தான் தலைவலி. 1205இல் அட்ரியனோபிள் போரில் பல்கேரிய மன்னர் கலோயான் பிடித்துவந்த, கான்ஸ்டான்டினோபிளை ஆண்ட லத்தீன் பேரரசர் பால்ட்வினை அங்கேதான் அடைத்துவைத்திருந்தார்கள் என்பது கதை. இன்று நிற்பது 1930களில், செர்வென் ஊரின் கோபுரத்தைப் பார்த்து மறுபடி கட்டியது. நான் செய்வது 1393 ஜூலை 17 அன்று ஒட்டோமான்களிடம் விழுவதற்கு முந்தைய ஊர். ஜார் இவான் ஷிஷ்மான் ஊரில் இல்லாமல், பேட்ரியார்க் எவ்திமி தலைமையில் மூன்று மாதம் முற்றுகையைத் தாங்கிய நேரம். சுற்றுலாப் படத்தில் இருக்கும் கோபுரத்தை அப்படியே தூக்கி வைக்க மனசு வரவில்லை. வைக்காவிட்டால் பார்ப்பவர்கள் எல்லாரும் “கோபுரம் எங்கே?” என்றுதான் கேட்பார்கள். கழற்றி மாட்டுகிற மாதிரி அடியில் காந்தம் வைத்துச் செய்வதாக உத்தேசம். கேட்பவர்கள் வரும்போது மாட்டிக்கொள்ளலாம்.

எதிரே இருக்கும் ட்ரபெசிட்சா குன்று இந்தப் பலகையில் இல்லை. தர்னோவோ ஒரே மதில் வளைத்த ஊர் அல்ல, குன்றுக்குக் குன்று தனி அரண். நடுவே ஆற்றங்கரையில் நாற்பது உயிர்த்தியாகிகள் தேவாலயம். 1230இல் க்லோகோட்னிட்சா போர் வெற்றிக்குப் பிறகு மன்னர் இரண்டாம் இவான் ஆசென் கல்வெட்டு பொறித்த தூண் இருப்பது அங்கேதான். எனவே ட்ரபெசிட்சாவுக்கு இரண்டாவது பலகை வரும். இரண்டையும் சேர்க்கும் கோடு ஆற்றின் நடுவே விழும். ஆற்றுத் தண்ணீராக ரெசினை அந்தக் கோடு தெரியாமல் எப்படி ஊற்றுவது என்று ஒரு யோசனையும் பிடிபடவில்லை. மழைக்காலத்தில் ரெசின் ஊற்றினால் மேலே வெள்ளைப் படலம் படிகிறது, அதற்காகவே வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

அதுவரை கை சும்மா இருக்காதே! பல்கேரியாவின் முதல் தலைநகரான ப்ளிஸ்காவை ஆரம்பித்துவிடலாமா என்று பார்க்கிறேன். அங்கே எல்லாம் தலைகீழ்: சமவெளி, வெளியே சுமார் 23 சதுர கிலோமீட்டரை வளைத்த மண் அரண், உள்ளே பெரிய சுண்ணாம்புக் கல்லில் மதில், மூலைக்கு ஒரு வட்டக் கோபுரம், நடுவில் ஐங்கோணக் கோபுரங்கள். பாறை என்ற பேச்சே கிடையாது. ஐங்கோணத்தை மட்டும் 3டி பிரிண்டில் எடுக்கப்போகிறேன், மீதி ஃபோம்தான். சாரெவெட்ஸில் வடக்குப் பக்கப் பாறை இன்னும் பாதியில் நிற்கிறது என்று யாரும் நினைவுபடுத்த வேண்டாம்.