பெல்ட்டை விட்டுவிட்டு நடையைக் கட்டியவர்

பிரான்சிஸ் எங்கானு என்றாலே எங்கள் கிருஷ்ணகிரி ஜிம் பையன்கள் 2017-இல் எதிராளி ஓவரீமுக்கு விழுந்த அந்த இடது கை அப்பர்கட்டைத்தான் ரீல்ஸாக அனுப்புவார்கள். செம அடிதான், மறுக்கவில்லை. எனக்கு என்னமோ அதைவிடப் பெரிய அடி, 2023 ஜனவரியில் ஹெவிவெயிட் சாம்பியனாக இருக்கும்போதே, எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) போட்டிகளை நடத்தும் பெரிய நிறுவனமான யூஎஃப்சியின் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் வெளியே வந்ததுதான்.

கேமரூன்காரர், சின்ன வயதிலேயே மணல் குவாரியில் மண்வெட்டி பிடித்தவர். குத்துச்சண்டைக்காரன் ஆகணும் என்று கிளம்பி, சஹாராவைத் தாண்டி, மொராக்கோவிலிருந்து கடல் கடந்து, ஸ்பெயினில் இரண்டு மாதம் சிறையில் இருந்துவிட்டு, 2013-இல் பாரிஸ் வந்து கார் நிறுத்தும் இடத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறார். எம்எம்ஏ என்று ஒன்று இருப்பதே அங்கேதான் தெரியும். 2015 கடைசியில் யூஎஃப்சி. 2018-இல் அப்போதைய சாம்பியன் மியோசிச்சிடம் ஐந்து ரவுண்டும் மூச்சு வாங்கித் தோற்றார், அடுத்து டெரிக் லூயிஸோடு தூக்கம் வரவைக்கிற ஒரு சண்டை. அதற்கப்புறம் நான்கு பேரைச் சாய்த்தார், நான்கு சண்டையையும் கூட்டினாலும் மூன்று நிமிடம் வராது. 2021 மார்ச்சில் அதே மியோசிச்சை இரண்டாவது ரவுண்டில் சாய்த்துப் பட்டத்தை வாங்கினார்.

எங்கள் பெரியப்பா பர்கூர் பக்கம் கிரானைட் குவாரியில் ரொம்ப வருஷம் இருந்தவர், இரண்டு கையிலும் நகம் ஒழுங்காக இருக்காது. 2022 ஜனவரியில் எங்கானு பட்டத்தைக் காப்பாற்ற கானே என்பவரோடு மோதியதை அவருக்குப் போனில் போட்டுக் காட்டினேன். முழங்காலில் தசைநார் கிழிந்த நிலையில் இறங்கி, முதல் இரண்டு ரவுண்டையும் கோட்டைவிட்டு, மூன்றாவதிலிருந்து அடிப்பதை விட்டுவிட்டு ஆளைத் தூக்கிக் கீழே போட்டு அமுக்க ஆரம்பித்தார். குத்து ஒன்றைத் தவிர எதுவும் தெரியாது என்று பெயர் வாங்கியவர், மல்யுத்தம் பிடித்துப் புள்ளியில் ஜெயித்தார். பெரியப்பா கடைசி வரை பார்த்துவிட்டு, “சரிடா, கூலி எவ்வளவு கொடுத்தான்?” என்றார்.

அறிவித்த தொகை 6 லட்சம் டாலர். நமக்கு அது மலை மாதிரி பணம்தான், ஆனால் அந்த நிறுவனத்தின் வசூலுக்கு முன்னால் சில்லறை. இதில் இன்னொரு கொக்கி: சாம்பியனாக இருந்தால் ஒப்பந்தம் தானாகவே நீளும். ஜெயிக்க ஜெயிக்கக் கட்டு இறுகும். அட்வான்ஸ் வாங்கிவிட்டு குவாரியை விட்டு வெளியே வர முடியாத ஆட்களைப் பார்த்திருக்கிற பெரியப்பாவுக்கு இதை நான் விளக்கவே தேவைப்படவில்லை. எங்கானு ஒப்பந்தக் காலம் முடியும்வரை காத்திருந்தார். தனக்குக் கூடுதல் பணம் மட்டும் கேட்கவில்லை, வீரர்களுக்கு மருத்துவக் காப்பீடு, அவர்கள் பக்கம் பேச ஒரு ஆள் என்றும் கேட்டார். கிடைக்கவில்லை, கிளம்பிவிட்டார்.

பைத்தியக்காரத்தனம் என்றார்கள். அதே வருஷம் அக்டோபரில் ரியாத்தில் குத்துச்சண்டை ஹெவிவெயிட் சாம்பியன் டைசன் ஃப்யூரியை, அதில் தனக்கு முதல் போட்டியிலேயே, மூன்றாவது ரவுண்டில் தரையில் உட்கார வைத்தார். தீர்ப்பு மயிரிழையில் ஃப்யூரிக்குப் போனது, சம்பளம் பல மடங்கு இவருக்கு வந்தது. 2024 மார்ச்சில் இன்னொரு குத்துச்சண்டை வீரர் ஜோஷுவா இவரை இரண்டே ரவுண்டில் படுக்க வைத்தார், அதையும் சொல்லித்தான் ஆகணும். அடுத்த மாதமே எங்கானுவின் கைக்குழந்தை இறந்துபோனது.

பட்டத்தை எத்தனை தடவை காப்பாற்றினார் என்று எண்ணினால் ஒன்றே ஒன்றுதான், மியோசிச் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஜிம்மில் இதை வைத்து என்னை ஓட்டுவார்கள், ஓட்டட்டும். 2024 அக்டோபரில், யூஎஃப்சிக்குப் போட்டியாக எம்எம்ஏ நடத்தும் பிஎஃப்எல்லில் ரெனான் ஃபெரெய்ரா என்ற நெட்டை ஆளை, குழந்தை போன ஆறே மாதத்தில், முதல் ரவுண்டிலேயே கீழே தள்ளி முடித்தார். மறுபடியும் மல்யுத்தம்தான்.