தொடைக் கவசம் மூன்றாவது முறையில் பொருந்தியது

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தொடைக் கவசம் இரண்டையும் மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒட்டு விடவில்லை. முழங்காலுக்குப் பின்னால் குத்தவில்லை. பத்து நிமிஷம் எழுந்திருக்கவே மனசு வரவில்லை. ஃபோம் ஷீட்டில் நானே செய்யும் கவச உடையில் இரண்டு மாதமாக என்னைப் படுத்திய துண்டு இது.

பேட்டர்ன் 183 செ.மீ. உயர உருவத்துக்கு வரைந்தது, நான் 168. 3டி உருவத்தைத் தாளில் வெட்டும் துண்டுகளாக விரித்துக் கொடுக்கும் பெபகுரா மென்பொருளில் 0.918 என்று மொத்தமாகச் சுருக்கித்தான் தொடங்கினேன். மார்பும் முன்கையும் சின்னச் சின்ன வெட்டு ஒட்டில் சரியாகிவிட்டன. தொடைக்கு அது நடக்கவில்லை. ஆள் குட்டை என்பதால் தொடை மெலிந்துவிடுமா?

முதல் ஜோடி பிரிண்டில் போனது. கடையில் பக்கத்துக்குப் பொருந்தும்படி சுருக்கி அடித்துவிட்டார்கள், எல்லாமே 4 சதவீதம் சின்னது. வெட்டி ஒட்டி முடித்த பிறகுதான் கண்டுபிடித்தேன். இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு வைக்கிறேன். தாள் கைக்கு வந்ததும் முதலில் அதைத்தான் ஸ்கேல் வைத்துப் பார்ப்பேன்.

இரண்டாவது ஜோடி பேப்பரில் அழகாக உட்கார்ந்தது, ஃபோமில் வெட்டியதும் ஏறவே இல்லை. ஷீட்டின் கனத்தை, அதாவது தடிமனை, கணக்கில் எடுக்காததுதான் காரணம். ஷீட்டை வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் நசுங்குகிறது, நடுவில் இருப்பதுதான் நாம் வெட்டிய நீளம். அதனால் முழுச் சுற்றுக்கு உள்ளளவு 3.14 மடங்கு கனம் குறைந்துவிடும். 10 மி.மீ. ஷீட் என்றால் 31 மி.மீ. போச்சு. பேட்டர்ன் சுற்று 57 செ.மீ., உள்ளே கிடைத்தது 54 கூட இல்லை. என் தொடை நிற்கும்போது 56. உட்கார்ந்து அளந்தால் 59.5! இந்த இரண்டாவது அளவை எடுக்காமல் யாரும் தொடையில் கத்தி வைக்காதீர்கள்.

மூன்றாவது முறை கணக்கைத் திருப்பிப் போட்டேன். உட்கார்ந்த அளவு 59.5, கனத்துக்கு 3.1, பேண்டுக்கும் லூஸுக்கும் 1.4, ஆக 64. இதில் ஃபோம் 58 செ.மீ. மட்டும். மீதி 6 செ.மீ. பின்தொடையில் திறந்த இடம், குறுக்கே இரண்டு எலாஸ்டிக் பட்டை. நின்றால் இடைவெளி சுருங்குகிறது, உட்கார்ந்தால் விரிகிறது. நிஜ இரும்புக் கவசத்திலும் தொடைத் தகடு பெரும்பாலும் முன்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் மட்டும்தான் மூடும். குதிரை ஏறுகிறவனுக்குப் பின்பக்கம் தோல் வார்தான். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்கு 1520இல் செய்த, குதிரை இல்லாமல் தரையில் நின்று போடும் சண்டைக்கான கவசம் அதற்கு விலக்கு. அதில் பின்பக்கத்தையும் ஒன்றின் மேல் ஒன்று நகரும் ஒடுக்கமான தகடுகளால் மூடியிருக்கிறார்கள். அதைப் படத்தில் பார்த்துப் பார்த்தே என் முழங்கைக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது.

நீளத்தைக் குறைக்கக் கீழ் ஓரத்தில் கை வைக்கவில்லை. அந்த வளைவு முழங்கால் மூடியோடு சேர வேண்டியது. டெய்லர்கள் செய்வதுபோல நடுவில் குறுக்கே 3 செ.மீ. பட்டையை எடுத்துவிட்டு இரண்டு பாதியையும் சேர்த்தேன். மேலே அகலம், கீழே ஒடுக்கம் என்பதால் பக்கக் கோட்டில் படி விழும். அதை நீள ஸ்கேலால் திரும்ப வரைந்தால் போதும். ஃபெவிகால் எஸ்ஆர் 998ஐ இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்திருந்து அழுத்தினேன். வளைத்துப் பார்த்தால் ஃபோம்தான் கிழியும்போல இருக்கிறது, ஒட்டு பிரியவில்லை.

ஷீட் வாங்கும்போது கனம் அளக்கும் வெர்னியர் கருவியைக் கையோடு எடுத்துப்போங்கள். 10 என்று கொடுத்த ஒரு கட்டில் எனக்கு 8.5தான் இருந்தது. மேலே சொன்ன கணக்கு முழுவதும் அந்தக் கனத்தை நம்பித்தான் நிற்கிறது. சென்னை பெரியமேட்டில் செருப்புச் சாமான் விற்கும் கடைகளில் அளந்து பார்த்து எடுக்க விட்டார்கள்.

ஹீட் கன் வேலையும் பெயிண்டும் பாக்கி. அதற்குள் தோள் கவசத்துக்காகப் பழைய டி-ஷர்ட் மேல் டக்ட் டேப் சுற்றி உடம்பு அச்சு எடுத்தாகிவிட்டது. சுற்றிவிட்டது அக்கா. “டேய், வயித்தை எக்காதே, சாதாரணமா நில்லு” என்று மூன்று தடவை அதட்டினாள். அவள் சொன்னது சரி. மூச்சை விட்டு நின்ற அச்சில் வயிறு 4 செ.மீ. கூடுதல். முதுகில் கத்தரித்துக் கழற்றி, பழைய துணி அடைத்து, அலமாரி ஓரம் நிறுத்தியிருக்கிறேன். இடது தோள் வலதைவிட ஒரு விரல் இறங்கியிருக்கிறது. இனி இரண்டு தோளுக்கும் தனித்தனி பேட்டர்ன்தான்.