ஜி41 போர்டுக்கு 4 ஜிபி ராம்: சிப்பை எண்ணிட்டு வாங்குங்க

பெங்களூரு எஸ்.பி. ரோடில் பழைய ராம் தேடிப் போறவங்க "டிடிஆர்3 நாலு ஜிபி என்ன விலை?"ன்னு மட்டும் கேட்டுட்டு வாங்கிடறாங்க. ஜி41 போர்டுக்கு, அதாவது இன்டெல் ஜி41 சிப்செட் வச்ச பழைய டெஸ்க்டாப் மதர்போர்டுக்கு, அது பத்தாது. "ரெண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு சிப் இருக்கிறதா குடுங்க"ன்னு கேக்கணும்.

ஜி41 சிப்செட் ராமில் இருக்கிற ஒரு மெமரி சிப்புக்கு 2 ஜிகாபிட், அதாவது 256 எம்பி வரைக்கும்தான் கையாளும். 16 சிப் இருந்தா 4 ஜிபி சரியா வரும். பிற்பாடு வந்த 4 ஜிபி ராம் ஸ்டிக் பலதில் ஒரு பக்கம் மட்டும் 8 சிப், ஒவ்வொண்ணும் 512 எம்பி. அதைச் செருகினா திரை வராம பீப் அடிக்கும், இல்லேன்னா 2 ஜிபின்னு காட்டும். ஸ்டிக் மேல குத்தம் இல்ல. ஜி41-க்கு அப்புறம் வந்த எச்61 போர்டில் அதுவே முழுசா ஓடும்.

லேபிளில் 2ஆர்எக்ஸ்8-ன்னு (16 சிப்) இருக்கணும், 1ஆர்எக்ஸ்8 (8 சிப்) வேண்டாம். ஆனா பழைய சரக்கில் ஸ்டிக்கரை நம்புறதை விட சிப்பை விரலால எண்ணுறது மேல். சிப்பு மேல ஹீட் ஸ்ப்ரெடர்ங்கிற உலோகத் தகடு மூடியிருந்தா எண்ண முடியாது, விட்டுடுங்க. லேபிளில் பிசி3-10600-க்கு (1333 வேக டிடிஆர்3) அப்புறம் சாதாரண டெஸ்க்டாப் ராமைக் குறிக்கிற 'யு' எழுத்து இருக்கான்னும் பாருங்க. 'ஆர்' இருந்தா அது சர்வர் ராம். எவ்வளவு மலிவா குடுத்தாலும் இந்த போர்டில் ஓடாது. 'ஏஎம்டி ஒன்லி'ன்னு விக்கிறதும் இன்டெல் போர்டுக்கு ஆகாது, அதோட சிப் அமைப்பே வேற.

டிடிஆர்2, டிடிஆர்3 ரெண்டுக்கும் 240 பின்தான், ஆனா நடுவுல இருக்கிற வெட்டு இடம் மாறும். உட்காரலேன்னா அழுத்தாதீங்க. சில ஜி41 போர்டில் ரெண்டு வகை ஸ்லாட்டும் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு வகையைத்தான் போடலாம்.

வீட்டில் மாட்டும்போது பவர் கார்டைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்திடுங்க. ஸ்டிக்கோட தங்கநிற முனையை ரப்பரால தேய்ச்சு, துகளைத் தட்டிடுங்க. முதல்ல ஒரே ஒரு ஸ்டிக். திரை வரலேன்னா போர்டில் இருக்கிற காசு மாதிரி சிஆர்2032 பேட்டரியைக் கழட்டி, சில நிமிஷம் கழிச்சுப் போடுங்க. வந்ததும் இன்னொண்ணை மாட்டி, ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஒரு சுத்து முழுசா ஓட விடுங்க. நடுவுல தப்பு காட்டினா பயாஸில் வேகத்தை 1066-க்கு இறக்கிப் பாருங்க. ஜி41-க்கு இன்டெல் சொன்ன உச்சமே அதுதான். அப்பவும் தப்பைக் காட்டுற சிவப்பு வரி திரையில் வந்தா ஸ்டிக்கைத் திருப்பிக் குடுத்துடுங்க. அதனால வாங்கும்போதே டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள்னு பில்லில் எழுதி வாங்கிக்கணும்.

ரெண்டு ஸ்டிக் போட்டும் 3.2 ஜிபி சுமார்தான் பயன்படுதுன்னு காட்டினா, உங்க விண்டோஸ் 32 பிட்டான்னு பாருங்க. அப்படின்னா அதுக்கு மேல அது பயன்படுத்தாது, ராம் மேல குத்தம் இல்ல.