கூலி கேட்டுப் போன கதை

2023 ஜூன் மாதம், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குளிர் தொடங்கியிருந்த ஒரு மாலையில், நான் வேலை செய்துகொடுத்த மொழிபெயர்ப்பு நிறுவனத்திலிருந்து மூன்று வரி மின்னஞ்சல் ஒன்று வந்தது. தமிழ்ப் பிரிவை மூடுகிறார்களாம். என் ஒப்பந்தம் இன்றோடு முடிகிறதாம். இதுவரை தந்த ஒத்துழைப்புக்கு நன்றியாம். நன்றியை மறக்காதவர்கள் பணத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் எழுதவில்லை.

நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பவள். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசைதான் அலுவலகம். அந்த நிறுவனம் கொடுத்ததெல்லாம் இந்தியாவுக்குப் போகும் மருத்துவக் கருவிகளின் கையேடுகள். ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியில் எந்தப் பொத்தானை எத்தனை நொடி அழுத்த வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். சொல்லுக்கு 80 சென்ட். கடைசி மூன்று பில்களில் 28,000 சொற்கள். 22,400 ராண்ட் வர வேண்டியிருந்தது.

முதல் மாதம் தொலைபேசியில் கெஞ்சினேன். வேறு சொல் தேடிப் பயனில்லை, கெஞ்சல்தான் அது. பிறகு மின்னஞ்சல்கள் எழுதினேன். ஒரு நாள் பதில் வந்தது: “உங்களுக்குத் தர வேண்டியது எங்கள் கணக்கில் இருக்கிறது. வாடிக்கையாளர் எங்களுக்குப் பணம் அனுப்பியதும் அனுப்பிவிடுகிறோம்.” படித்ததும் மடிக்கணினியைச் சுவரில் எறிய வேண்டும் போலிருந்தது.

பக்கத்து வீட்டு அங்கிள் துணி ஆலையில் தொழிற்சங்கப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கொள்ளுத் தாத்தா கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் வந்தவர். அங்கிளுக்குத் தேவாரம் மனப்பாடம். ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுவார். பேச்செல்லாம் ஆங்கிலம், நடுவில் நாலு தமிழ்ச் சொல். வேலியருகே நின்று அவரிடம் என் கதையைச் சொல்லும்போது, “என் கூலியைத்தானே கேட்கிறேன் அங்கிள்” என்றேன். அவர் முகம் சட்டென்று சுருங்கியது. “அந்தச் சொல்லை இங்கே சொல்லாதேம்மா” என்றார்.

எனக்கு அது திருநெல்வேலியில் பிறந்த சொல். களை பறித்த அன்றைக்கு மாலை என் பாட்டி முந்தானையில் முடிந்துகொண்டு வந்த காசு. அவருக்கோ அது பள்ளிக்குப் போகும் வழியில் முதுகுக்குப் பின்னால் கேட்ட வசை. 1860இல் மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கு முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங் என்று பேச்சு. வாங்கிய காசின் பெயரையே ஆளின் பெயராக்கி ஏசிய ஊர் இது. அதை எனக்கு யாரும் அதுவரை இவ்வளவு கிட்டத்தில் காட்டியதில்லை.

அங்கிள் முதலில் சி.சி.எம்.ஏ. என்ற சமரச ஆணையத்துக்குப் போகச் சொன்னார். தொழிலாளர் தகராறு என்றால் இங்கே எல்லாருக்கும் வாயில் வருவது அந்தப் பெயர்தான். அங்கே விசாரித்தேன். அது ஊழியர்களுக்கான இடம். நான் தனி ஒப்பந்ததாரர் என்றார்கள். அன்று இரவுதான் ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தேன். கையெழுத்துப் போட்டு இரண்டு ஆண்டுகள் கழித்து! பதினான்கு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று இருந்தது, தரவில்லை. அதைவிட முக்கியமான வரி அதற்குக் கீழே கிடந்தது: ஒப்பந்தம் முடியும் நாள் வரை ஏற்றுக்கொள்ளப்பட்ட வேலைக்கு, பில் கிடைத்த 30 நாளில் பணம். வாடிக்கையாளர் தந்தால் தருவோம் என்று எங்குமே இல்லை. அவர்கள் வேலையை முறித்தார்கள், சரி. கடனை முறிக்க அவர்களுக்கு வழியில்லை.

என்னைக் கொதிக்க வைத்த அந்தப் பதிலையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ‘தர வேண்டியது எங்கள் கணக்கில் இருக்கிறது.’ இந்த நாட்டில் இத்தகைய கடன் மூன்று ஆண்டில் காலாவதியாகிவிடும். கடன்பட்டவர் ஒப்புக்கொண்டால் அந்தக் காலம் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். இழுத்தடிக்க எழுதிய வரியில் கடனை ஒப்புக்கொண்டிருந்தார்கள். இரண்டு பிரதி எடுத்து வைத்தேன்.

மீதியிருந்த வழி, சிறு தொகை வழக்குகளுக்கான சிறு கோரிக்கை நீதிமன்றம். அங்கே வழக்கறிஞருக்கு இடமில்லை என்பது எனக்கு நிம்மதி, வைக்கவும் வசதியில்லை. ஆனால் 2019 ஏப்ரலில் 15,000இலிருந்து உயர்த்திய வரம்பு 20,000 ராண்ட். என் கணக்கு 22,400. மேலே இருப்பதைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்தால் வழக்கை ஏற்பார்கள். கைவிட்டது கைவிட்டதுதான், பிறகு கேட்க முடியாது. மூன்று நாள் தூக்கமில்லை. 2,400 ராண்ட் என்றால் 3,000 சொற்கள், இரண்டு முழு நாள் உழைப்பு. பெரிய நீதிமன்றத்துக்குப் போனால் வழக்கறிஞரின் முதல் கடிதமே அதைத் தின்றுவிடும் என்று அங்கிள் கணக்குப் போட்டுக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். மனம் ஒப்பவில்லை.

வழக்குப் போடும் முன் நிறுவனத்துக்குக் கோரிக்கைக் கடிதம் கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டும். பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். கிளைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த தபால் துறையை நம்ப மனம் வரவில்லை. நானே பஸ் ஏறிப் போய் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கொடுத்தேன். பிரதியில் அவள் பெயரும் தேதியும் எழுதி வாங்கினேன். “எனக்கும் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, அக்கா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பேனாவைத் திருப்பித் தந்தாள்.

விசாரணை அக்டோபரில், அலுவலக நேரம் முடிந்த பிறகு. சின்ன அறை, ஒரு ஆணையர், இரண்டு மேசை. அவர்கள் பக்கம் வந்த இயக்குநர் மொழிபெயர்ப்பின் தரம் சரியில்லை என்று ஆரம்பித்தார். அதற்கு என்ன சொல்லப் போகிறேன் என்று என் கை நடுங்கியது. ஆணையர் என்னைப் பார்க்கவே இல்லை. அவரிடம்தான் கேட்டார்: “தரக் குறை பற்றி இவருக்கு முதலில் எப்போது எழுதினீர்கள்?” இயக்குநர் கைப்பேசியைத் தடவினார், கோப்பைப் புரட்டினார். நான் என் பக்கத்துத் தாள்களை நீட்டினேன்: மூன்று கையேட்டுக்கும் ‘கிடைத்தது, நன்றாக வந்திருக்கிறது’ என்று அவர்களுடைய திட்ட மேலாளர் எழுதியவை, அதோடு அந்தப் பதிலும். மொத்தமே இருபது நிமிடம்தான். நாலு மாதம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்த ஆவேசப் பேச்சுக்கு வேலையே இல்லாமல் போனது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

20,000 ராண்ட், மாதம் ஐயாயிரமாக நான்கு தவணை என்று தீர்ப்பு. முதல் மூன்றும் நாள் தவறாமல் வந்தன. நான்காவது பதினோரு நாள் தாமதம்; தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரீப்பிடம் போவேன் என்று ஒரு வரி எழுதிய மறுநாள் வந்தது. என் கணக்கு ஏட்டில் அந்த மூன்று பில்களுக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டேன். கீழே 2,400 என்று எழுதிய வரியை மட்டும் இன்னும் அடிக்கவில்லை.