சுங்கை சிப்புட்டில் ஒரு பாட்டும் பல மேடைகளும்

மலேசியாவின் ஈடிஎஸ் ரயில் ஈப்போவைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் சுங்கை சிப்புட். நம்மவர்களுக்கு இது மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் ஊர். வரலாறு படித்தவர்களுக்கு, 1948 ஜூன் 16-ல் தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்டு, அதையொட்டி மலாயாவில் அவசரகாலம் பிறந்த ஊர். நான் போனது இரண்டுக்கும் சம்பந்தமில்லாத காரியத்துக்கு: மாமா வீட்டில் உட்கார்ந்து பிங்க் ஃபிளாய்டு என்ற பிரிட்டிஷ் ராக் குழுவைக் கேட்க.

மாமா ரப்பர் தோட்டத்து ஆலையில் வயர்மேன். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோது லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு, அதாவது ஊர்க் குடியிருப்புக்கு, வந்தவர். தோட்டத்துத் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டிய கை அது. ஹாலில் நிற்கும் ஸ்பீக்கர் பெட்டிகள்கூட அவரே பலகை அறுத்துச் செய்தவை. "பசியாறிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சிடியைப் போட்டார்.

பாட்டு 'கம்ஃபர்ட்டப்ளி நம்'. 1979-ல் வந்த 'தி வால்' (சுவர்) ஆல்பத்தில் டாக்டரும் நோயாளியும் பேசிக்கொள்கிற பாட்டு. 1977-ல் ஃபிலடெல்ஃபியாவில், வயிற்று வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு மேடையேறிய, குழுவின் பாடகர் ரோஜர் வாட்டர்ஸின் அனுபவத்தில் முளைத்தது. டாக்டர் சொல்வதை வாட்டர்ஸ் பாடுவார். நோயாளியின் பகுதியைக் கிட்டார்காரர் டேவிட் கில்மோர் வாங்கிக்கொள்வார்.

1980-81 சுற்றுப்பயணத்தில் இதைக் கண்ணாலும் பார்க்கலாம். அதற்குள் அட்டைக் கற்களால் மேடையின் குறுக்கே நாற்பதடிச் சுவர் எழும்பியிருக்கும். வாட்டர்ஸ் கீழே நின்று பாட, திடீரென்று சுவரின் உச்சியில், முதுகுக்குப் பின்னால் விளக்கு எரிய, கில்மோர். அந்தச் சுவரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது லேசான காரியமா? லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் பக்கம், லண்டன், டார்ட்மண்ட், அவ்வளவுதான். அதிகாரபூர்வமான நேரடி ஒலிப்பதிவே 2000-ல்தான் வந்தது.

வாட்டர்ஸ் குழுவை விட்டு விலகியபின், 1987-ல் தொடங்கிய பயணத்தில் டாக்டரின் வரிகளைக் குழுவின் கீபோர்டுகாரர் ரிக் ரைட், கூட வாசித்த கை பிராட், ஜான் கேரின் மூவரும் சேர்ந்து பாடினார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள் ஒன்றாக ரவுண்ட்ஸ் வந்த மாதிரி இருக்கும். இனிமைக்குக் குறைவில்லை, ஆனால் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது கலைந்துவிடுகிறது. என் குறை இது. மாமாவுக்கு இது குறையே இல்லை.

அவருடைய உயிர் 1994 பயணத்தின் கச்சேரி. அதைப் பதிவு செய்த 'பல்ஸ்' சிடி பெட்டியின் முதுகில் சின்னச் சிவப்பு விளக்கு மின்னும். பேட்டரி தீர்ந்தால் பலர் அப்படியே விட்டுவிடுவார்கள். மாமா பெட்டியைப் பிரித்து மாற்றி மாற்றி இன்றைக்கும் மின்ன வைத்திருக்கிறார். பாட்டு ஏறக்குறைய ஒன்பதரை நிமிடம். கடைசியில் தனியாக வாசிக்கிற கிட்டார் சோலோவில் கில்மோர் ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்து, விடுவார் என்று நாம் நினைக்கிற இடத்தில் இன்னொரு படி மேலே வளைக்கிறார். அங்கே மாமாவின் கை தானாகவே ஒலியைக் கூட்டப் போனது. படத்தில் பார்த்தால், அரங்கத்தின் நடுவே கண்ணாடிப் பந்து உயர்ந்து இதழ் இதழாய் விரியும். கிட்டாருக்கு 1994தான், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க், லைவ் 8 என்ற பொதுநலக் கச்சேரி. வாட்டர்ஸ், கில்மோர், ரைட், டிரம்ஸ்காரர் நிக் மேசன் என நான்கு பேரும் ஒரே மேடையில், 1981-க்குப் பிறகு முதல் தடவையாக. டாக்டர் திரும்பி வந்துவிட்டார்! குரல் வயதானதுதான், ஆனால் பேச்சு மறுபடி பேச்சானது. 2008-ல் ரைட் இறந்துபோனதால் அந்த நால்வர் அதற்குப் பின் இல்லை.

வாட்டர்ஸ் தனியாக 2022-ல் போன பயணத்தில் இதைக் கிட்டார் சோலோவே இல்லாமல் மெதுவாக்கினார். எனக்கு அந்த இருட்டு பிடித்திருந்தது. மாமா பாதியில் நிறுத்திவிட்டார். "சோலோ இல்லாம இது என்னாப்பா பாட்டு?"

அடுக்களையிலிருந்து அத்தை வந்தார். இத்தனை வருசம் விரும்பியோ விரும்பாமலோ எல்லாவற்றையும் கேட்டவர்.

"அந்த ஒல்லியா ஒருத்தர் பாடுவாரே, அதப் போடுங்க. அவர் பாடுறதுதான் நிஜமா டாக்டர் பேசுற மாதிரி இருக்கு."

பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி. 2006 மே 29, ராயல் ஆல்பர்ட் ஹாலில் கில்மோரின் கச்சேரிக்கு விருந்தாளியாக வந்து, இந்தப் பாட்டில் டாக்டரின் வரிகளை மட்டும் பாடியவர். நான் காலையிலிருந்து சுற்றி வளைத்துச் சொன்னதை அத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார். மாமா விடவில்லை: "அதுல கிட்டாரு 94 மாதிரி வராது." மீன் குழம்பு ஊற்றிய பிறகும் சண்டை ஓயவில்லை. மாலை ரயிலுக்கு என்னை ஸ்டேஷனில் இறக்கிவிடும்போதும் காரில் ஓடியது 94தான்.