டிஎக்ஸ் பிசியம்: பினாங்கு உச்சியில் ஒரு மங்கல் சிவப்பு

பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து போடும் பெரிய சதுரத்துக்குத் தெற்கே, நீட்டிய கையின் ஒரு முஷ்டி அளவு தள்ளி, மீன ராசியின் சின்ன வளையம் இருக்கிறது. அதன் கிழக்கு ஓரத்தில் நிற்பதுதான் டிஎக்ஸ் பிசியம். கார்பன் மிகுந்த ராட்சத விண்மீன். பிரகாசப் படி (எண் கூடக் கூட மங்கல்) 4.8க்கும் 5.2க்கும் நடுவே ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும்.

பினாங்கில் இது தலைக்கு நேர் மேலே, உச்சிக்கு 2 பாகை தெற்கே கடக்கும். டிசம்பர் நடுவில் இரவு 8:30க்கு மேற்கே கொஞ்சம் சாய்ந்திருக்கும். உச்சிவானில் நகர வெளிச்சம் குறைவு, கழுத்துக்குத்தான் வினை. பாய் விரித்துப் படுத்துக்கொள்வதே வழி. ஜார்ஜ் டவுனில் வெறுங்கண்ணுக்கு எட்டாது. மலைக்குப் பின்னால், பாலிக் புலாவ் பக்கம் போக வேண்டும்.

அங்கேயும் ஒரு சிக்கல். மங்கலான விண்மீனை ஓரக்கண்ணால் பார் என்பார்கள். இதற்கு அது எடுபடாது, ஏனென்றால் ஓரப்பார்வைச் செல்கள் சிவப்பை அநேகமாக உணர்வதில்லை. பக்கத்து வெள்ளை விண்மீன் பளிச்சிடும், இது மட்டும் மங்கிப்போகும். நேராகப் பார்க்க வேண்டும், ஆனால் வெறித்துப் பார்க்கக் கூடாது: நேரம் ஆக ஆக சிவப்பு விண்மீன் இருப்பதைவிடப் பிரகாசமாகத் தெரியும். ஒரு பார்வை, கண்ணை எடு, மறுபடி ஒரு பார்வை. பிரகாசத்தை ஒப்பிட அதே வளையத்தின் லாம்டா (4.5), காப்பா (4.9) விண்மீன்கள் போதும். 10x50 பைனாகுலரில் ஃபோகஸைச் சற்றுக் கலைத்தால் மூன்றும் வட்டுகளாகும். இரண்டு வெள்ளை, ஒன்று செம்பு நிறம்.

கேமராவுக்கு 50 மிமீ லென்ஸ், எஃப்/2.8, ஐஎஸ்ஓ 1600, 4 விநாடி, 10 படம். வான நடுக்கோட்டருகே நகர்வு வேகம் அதிகம் என்பதால் 8 விநாடியில் கோடு விழும். ரா (RAW) கோப்பு, வெயில் வெள்ளைச் சமநிலை. ஆட்டோ விட்டால் சிவப்பு போய்விடும். கூர்மையான ஃபோகஸில் நடுப்புள்ளி வெளுத்துவிடும், இங்கும் சற்றுக் கலைப்பதே நல்லது. நீலச் சேனலில் விண்மீன் அநேகமாகக் காணாமல் போகிறது: பச்சையைவிட நீலத்தில் 2.5 படி மங்கல், அதாவது பத்தில் ஒரு பங்கு ஒளி. பிரகாசம் அளக்கப் பச்சைச் சேனல்.

லென்ஸ் மேலே பார்த்து நிற்பதால் ஃபோகஸ் வளையம் தானே நழுவும், டேப் ஒட்டுங்கள். ஏர்கோன் அறையிலிருந்து எடுத்து வந்ததும் திறந்தால் பனி படியும், பைக்குள்ளேயே 40 நிமிடம் இருக்கட்டும்.