ஒரு தடவை கரண்ட் வைத்த தலையில் மறுபடியும்

"ஒரு தடவை கரண்ட் வச்ச இடத்துல திரும்ப வைக்க முடியாதாமே?" அண்ணனுக்கு மூளைக்கட்டி திரும்பி வந்ததிலிருந்து சொந்தக்காரர்கள் அதிகம் கேட்டது இதைத்தான். கரண்ட் என்று அவர்கள் சொல்வது ரேடியேஷனை, அதாவது கதிர் சிகிச்சையை. வைக்கலாம். ஆனால் எல்லாருக்கும் முடியாது. அண்ணனுக்கு இரண்டு விதமான ரேடியேஷன் ஆயிற்று. அதே நிலையில் இருக்கும் வீட்டாருக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணனுக்குத் தொழில் பால்வெட்டு. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குவார். பட்டையை மட்டும் சீவி, உள்மரத்தில் காயம் படாமல் வெட்டுகிற கை. அந்தக் கையில் கத்தி ஆழமாக இறங்கத் தொடங்கியது. தோட்டக்காரர் குறை சொன்னார், அண்ணன் கத்தியைக் குறை சொன்னார். அப்புறம் ஒரு நாள் வலிப்பு வந்தது. ஸ்கேன், ஆபரேஷன், பயாப்ஸி எல்லாம் முடிந்து வந்த பெயர் கிளியோபிளாஸ்டோமா, கிரேடு 4. மூளையிலேயே தொடங்கி வேகமாக வளரும் புற்றுநோய். கை கால் அசைவுக்கான இடத்தை ஒட்டி இருந்ததால் முழுதாக எடுக்க முடியவில்லை.

முதல் ரேடியேஷன், உலகம் முழுக்கக் கொடுக்கிற வழக்கமான முறைதான். வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு நேரத்துக்கு 2 கிரே (கதிரை அளக்கும் அலகு), 30 முறையில் மொத்தம் 60 கிரே. கூடவே தினமும் டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரை. 2005-இல் வந்த ஆய்வுக்குப் பிறகு நிலைத்த முறை இது. ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் இரண்டு வருஷம் கடந்தவர்கள் 10 சதவீதம், மாத்திரையும் சேர்ந்தபோது 26 சதவீதம். டாக்டர் இதை மைனியின் (அண்ணன் மனைவி) முன்னாலேயே சொன்னார். எனக்கு அப்போது கோபம் வந்தது, மைனிக்கு வரவில்லை.

மாஸ்க் செய்வதைச் சொல்ல வேண்டும். வலைபோல் துளையிட்ட பிளாஸ்டிக் பலகையைச் சுடுதண்ணீரில் போட்டுத் தொய்ய வைத்து, முகத்தின்மேல் இழுத்துப் பிடித்து மேஜையில் பூட்டிவிடுகிறார்கள். சில நிமிஷத்தில் அது இறுகிவிடும். மூச்சு முட்டாது, ஆனால் முட்டுகிற மாதிரி இருக்கும். அண்ணன் வெளியே வரும்போது நெற்றியிலும் கன்னத்திலும் வலைக்கட்டம் பதிந்திருக்கும். கதிர் நுழைகிற பக்கத்தில் மட்டும் முடி கொட்டியது. மூளை வீக்கத்துக்குக் கொடுத்த டெக்ஸாமெதசோன் மாத்திரையால் சுகர் ஏறியது, தூக்கம் போனது, பசி பேயாய் வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு மரச்சீனியும் மீன்கறியும் கேட்பார்.

முடிந்து ஒரு மாதத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டி பெரிதாகத் தெரிந்தது. வீடே ஆடிப்போனது. டாக்டர் அசையவில்லை. ரேடியேஷனால் திசு வீங்கினாலும் கட்டி வளர்ந்த மாதிரியே படத்தில் தெரியுமாம். அடுத்த ஸ்கேனில் சுருங்கியிருந்தது. ஒரு வருஷம் தாண்டி வந்ததுதான் உண்மையான வளர்ச்சி.

இரண்டாவது வட்டம் திருவனந்தபுரத்தில். மைனி நேராகக் கேட்டார்: "இந்த ரெண்டாவது ரேடியேஷனையும் சேர்த்து முதல்லயே குடுத்திருந்தா திரும்பி வந்திருக்காதுல்லா டாக்டர்?" நியாயமான கேள்வி. பலர் செய்து பார்த்தார்கள் என்றார் டாக்டர். வழக்கமான ரேடியேஷனோடு ரேடியோசர்ஜரியை (கட்டியை மட்டும் குறிவைத்து ஒரே தடவையில் கொடுக்கும் அதிகக் கதிர்) சேர்த்த ஆய்வின் முடிவு 2004-இல் வந்தது, ஆயுள் கூடவில்லை. கட்டி இருந்த இடத்தில் கதிரியக்க அயோடின் விதைகளை வைத்துப் பார்த்த ஆய்வுகளும் அப்படித்தான். சென்னையில் 2019 முதல் புரோட்டான் கதிர் சிகிச்சை இருக்கிறதே என்று நான் கேட்டேன். பக்கத்துத் திசுவுக்குப் போகும் அளவு குறையும், இந்தக் கட்டியில் ஆயுளைக் கூட்டும் என்று நிரூபணம் ஆகவில்லை என்றார். அவர் சொன்ன வழி ஸ்டீரியோடாக்டிக்: பல கோணங்களிலிருந்து மெல்லிய கதிர்கள், மிகக் குறைந்த ஓரம் விட்டு, 3.5 கிரே வீதம் 10 முறை. கூடவே, கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளராமல் தடுக்கும் பெவாசிசுமாப் ஊசி.

ஆனால் தேதி கொடுக்கவில்லை. பழைய பிளான், அதாவது முதல் தடவை கதிர் எங்கெங்கே எவ்வளவு போனது என்ற கம்ப்யூட்டர் கணக்கு, வேண்டும் என்றார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் '60 கிரே, 30 முறை' என்று இருக்கிறதே என்றேன். அங்கே கதிர் அளவைக் கணக்குப் போடும் பிசிசிஸ்ட் தம்பி பொறுமையாகச் சொன்னார்: 60 என்பது கட்டிக்குக் குறித்த அளவு. பார்வை நரம்புக்கு எவ்வளவு போனது, மூளைத்தண்டுக்கு எவ்வளவு போனது என்பது அந்தத் தாளில் இல்லை. அவற்றுக்கெல்லாம் 54 கிரே சுற்றி ஒரு எல்லை உண்டு, ஏற்கெனவே எவ்வளவு செலவானது என்று தெரியாமல் புதிதாகக் கொடுக்க முடியாது.

முதல் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எழுதிக் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தேன். அந்த ஆள் லீவு என்றார்கள். கடைசியில் ஒரு சிடி தந்தார்கள். கொண்டுபோய்ப் போட்டால் உள்ளே எம்.ஆர்.ஐ. படங்கள் மட்டும். தலையில் கட்டி வளர்கிற ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு கவுண்டரின் முன்னால் நிற்பது என்னவென்று நின்றவனுக்குத்தான் தெரியும். சரியான சிடி கிடைத்தபோது நன்றி சொல்ல வாய் வரவில்லை.

பழைய பிளானையும் புதியதையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எனக்கும் காட்டினார் அந்தத் தம்பி. புதியது 35 கிரேதான், ஆனால் ஒரு நேரத்துக்குக் கூடுதலாகப் போவதால் மூளைத் திசுவுக்கு அது, 2 கிரே வீதம் கொடுக்கும் 48 கிரேக்குச் சமம். பழையதோடு கூட்டினால் 100 தாண்டுகிறது. 100-க்கு மேல் போனால் நல்ல திசு செத்துப்போகும் ஆபத்து கூடும். அதனால் அந்த உச்ச அளவு விழுகிற இடத்தைச் சின்னதாக்க, பிளானைத் திரும்பத் திரும்ப மாற்றினார்கள். அந்த ஆபத்தைக் குறைக்கப் பெவாசிசுமாப் உதவும் என்றார்கள். ஊசியோடு இப்படி மறு ரேடியேஷன் கொடுத்த ஆய்வு 2023-இல் வெளியானது. ஊசி மட்டும் போட்டவர்களைவிட ஆயுள் கூடவில்லை. ஆனால் ஆறு மாதம் கட்டி வளராமல் இருந்தவர்கள் 29 சதவீதத்திலிருந்து 54 ஆனார்கள். எங்களுக்கு அந்த மாதங்கள் போதும் என்று முடிவெடுத்தோம். அண்ணனும் தலையாட்டினார்.

சிகிச்சை நாட்களில் சிரமம் பெரும்பாலும் ரோட்டில்தான். களியக்காவிளை தாண்டினாலும் பாலராமபுரத்தில் வண்டி நின்றுவிடும். மாஸ்க் புதிதாகச் செய்தார்கள், முந்தியதைவிட இறுக்கம். ஒவ்வொரு முறையும் படுக்க வைத்து ஸ்கேன் எடுத்து நிலையைச் சரிபார்த்த பிறகே கதிர் வரும்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, இடையிடையே எம்.ஆர்.ஐ. வலது கை முழுதாகத் திரும்பவில்லை. வலிப்பு பயத்தால் தோட்டத்தில் தனியாக இறங்க டாக்டர் விடவில்லை. அண்ணன் மற்றவர்களின் வெட்டைக் குறை சொல்லிக்கொண்டு திரிகிறார்.

முதல் ரேடியேஷன் முடிகிற நாளிலேயே பிளான் சிடியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். டைக்காம் என்ற மருத்துவ ஃபைல் வடிவில் நான்கு இருக்க வேண்டும்: பிளானுக்கு எடுத்த சி.டி. ஸ்கேன், ஸ்ட்ரக்சர் (கட்டியையும் உறுப்புகளையும் வரைந்து குறித்தது), பிளான், டோஸ் (எங்கே எவ்வளவு கதிர் என்பது). பின் மூன்றும் பெரும்பாலும் ஆர்.எஸ்., ஆர்.பி., ஆர்.டி. என்று தொடங்கும் ஃபைல்கள். சாதாரணக் கம்ப்யூட்டரில் படமாகத் திறக்காது, பெயரை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.